பிக்அப்பா, ஏழு பேர் வண்டியா? பட்டு வீட்டுக்கு எது பொருந்தும்?

கேள்வி:



காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் மூன்று தலைமுறையாகப் பட்டுத்தொழில் செய்கிறோம். வீட்டில் 2 தறி ஓடுகிறது. அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை, ஓரிக்கைப் பக்கம் 16 தறிக்காரர்களுக்குப் பாவும் ஊடையும் சரிகையும் கொடுத்துப் புடவையாக வாங்குகிறோம். மாதம் இரண்டு தடவை 40 புடவை வரை தி.நகர் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். தறிக்காரர் வீடுகளுக்குப் போய்வர டி.வி.எஸ். எக்ஸெல் இருக்கிறது. சென்னைக்கும் குடும்பத்துக்குமாக ஒரு பழைய மாருதி ஆம்னி வைத்திருந்தோம். இனி அதற்குச் செலவு செய்வது வீண் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

வீட்டில் ஏழு பேர். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, முழங்கால் வலியோடு இருக்கும் அம்மா, கல்யாணமாகாத தம்பி. 12 லட்சத்துக்குள் ஒரு வண்டி எடுக்க நினைக்கிறோம். பாதிக்கு மேல் கடன்தான்.

தம்பி பிக்அப் வாங்கச் சொல்கிறான். "தொழிலுக்கு ஆகும், ஜி.எஸ்.டி.யைக் கழிக்கலாம், சும்மா நிற்கிற நாளில் வாடகைக்கு விடலாம். அத்திவரதர் வந்தப்போ வண்டி வைத்திருந்தவங்க எல்லாம் சம்பாதிச்சாங்க. குலதெய்வம் கோயிலுக்குப் பின்னாடி பாய் விரிச்சு எல்லாரும் உட்கார்ந்து போயிடலாம்" என்கிறான். மனைவி ஏழு பேர் உட்காரும் எஸ்.யு.வி. கேட்கிறாள். ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கும் என் மச்சான், "நாலு கதவு பிக்அப் எடுங்க மாமா, முன்னாடி குடும்பம், பின்னாடி சரக்கு" என்கிறார்.

குட்டி யானை கூப்பிட்டால் சென்னைக்குப் போய்வர 4,000 ரூபாய் கேட்கிறார்கள். தறியோ ஜக்கார்டு பெட்டியோ இடம் மாற்ற உள்ளூரில் 1,000 ரூபாய். அது வருடத்துக்கு ஐந்தாறு தடவை வரும். நாங்கள் எதை எடுப்பது?

– பட்டு உற்பத்தியாளர், பிள்ளையார்பாளையம்

பதில்:



உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று வண்டி சொல்லியிருக்கிறார்கள். மூவரிடமும் நியாயம் இருக்கிறது. ஆனால் வண்டி எடுப்பதற்கு முன் எடுக்க வேண்டியது தராசு. உங்கள் சரக்கை முதலில் நிறுத்துப் பார்ப்போம்.

உங்கள் சரக்கு என்ன கனம்?

காஞ்சிப் பட்டுப்புடவை ஒன்று, சரிகையைப் பொறுத்து, ஏறக்குறைய அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும். 800 கிராம் என்று வைத்துக்கொண்டால் 40 புடவை 32 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஒவ்வொரு தடவையும் நீங்கள் சென்னைக்குக் கொண்டுபோகும் மொத்தச் சரக்கும் ஒரு சிமெண்ட் மூட்டைக்குக் குறைவு. மூன்று புடவைக்கான பாவு ஒரு பையில் அடங்கி எக்ஸெல்லின் முன்பக்கம் உட்கார்ந்துகொள்கிறது. 2005-இல் வந்த முதல் டாடா ஏஸ், நம் ஊர் குட்டி யானை, முக்கால் டன் சுமக்கும். பெரிய பிக்அப்கள் ஒரு டன்னுக்கு மேல் சுமக்கும். 32 கிலோவுக்கு ஒரு டன் வண்டி வாங்குவது உங்கள் தொழிலுக்குத் தேவையில்லாத பலத்துக்குப் பணம் கட்டுவதாகும்.

இப்போது விலையைப் பாருங்கள். புடவை ஒன்றுக்கு 15,000 ரூபாய் வைத்தாலும் 40 புடவை 6 லட்சம். ஆக, உங்கள் சரக்கு எடையில் லேசு, விலையில் கனம். அதற்கு வேண்டியது நான்கு: மேலே கூரை, கதவில் பூட்டு, தூசி படாத இடம், தண்ணீர் இறங்காத தரை. திறந்த பிக்அப்பில் இந்த நான்கும் கிடையாது. ஐப்பசி அடைமழையில் தார்ப்பாய் ஒரு மூலையில் விலகினால் போதும். பட்டில் நீர்த்தடம் விழும், சரிகை மங்கும். பல நாள் தறியில் உட்கார்ந்த ஒருவரின் உழைப்பு அந்த ஒரு மூலையில் கெட்டுப்போகும்.

காய்கறி, தண்ணீர் கேன், கட்டடச் சாமான் ஏற்றுகிறவருக்கு பிக்அப் சோறு போடும் வண்டி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் தொழில் அது இல்லை.

காலியாக ஓடும் பிக்அப்

பிக்அப்பின் பின்சக்கரத்துக்கு மேல் இருப்பது லீஃப் ஸ்பிரிங், பட்டை பட்டையாக அடுக்கிய வில். ஒரு டன் ஏறும்போது அது அளவாக வளைந்து மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்ளும். சுமையில்லாதபோது வளையாது. ஒவ்வொரு குழியும் நேராக முதுகுத்தண்டுக்கு வரும். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு இது தினம் ஒரு தண்டனை. பின்பக்கம் லேசாக இருப்பதால் ஈரச் சாலையில் திடீரென்று பிரேக் போட்டால் பின்சக்கரம் பிடிமானம் விட்டு வழுக்கவும் கூடும். பிக்அப் பாரத்தோடு ஓடப் பிறந்த வண்டி. நீங்கள் அதை வருடத்தில் பெரும்பாலான நாள் வெறுமையாக ஓட்டப்போகிறீர்கள்.

இன்னொன்று, சரக்கு வண்டிக்கு 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. அது நல்லதுதான், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பெங்களூரு நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும் பயணத்தை அந்தக் கணக்கில்தான் திட்டமிட வேண்டும்.

மச்சானின் யோசனை

நான்கு கதவு பிக்அப் பார்க்க அழகு. இசுஸூ வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவை உங்கள் பணத்துக்கு மிக மேலே. பொலேரோ கேம்பர் போன்ற இரட்டைக் கேபின் வண்டி உங்கள் கணக்குக்குள் வரலாம். ஆனால் அதிலும் ஐந்து பேர்தான் உட்கார முடியும். நீங்கள் ஏழு பேர். மிஞ்சும் இருவர் எங்கே உட்காருவார்கள் என்ற கேள்விக்கு உங்கள் தம்பி முன்பே ஒரு பதில் சொல்லிவிட்டார். பின்னால் பாய். அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

நீளமும் ஒரு சங்கடம். வி-கிராஸும் ஹைலக்ஸும் 5.3 மீட்டர். கேம்பரும் ஏறக்குறைய 5 மீட்டர். விடிகாலையில் உங்கள் தெருவில் பாவு நீட்டியிருக்கும்போது எக்ஸெல்லே ஒதுங்கித்தான் போகும். அந்தத் தெருவில் 5 மீட்டர் வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் அக்கம்பக்கத்தாரோடு தினமும் ஒரு மனத்தாங்கல்.

கோர்வைப் புடவை நெய்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்றால் ஒரே நாடாவால் இரண்டையும் நெய்ய முடியாது. அதற்கென்று தனி நாடா ஓட்டுகிறீர்கள், பக்கத்தில் இன்னொரு ஆளையும் உட்கார வைக்கிறீர்கள். அப்படி இருந்தும் புடவை ஒன்றுதான். குடும்பத்துக்கு ஒரு வண்டி, சரக்குக்கு ஒரு வண்டி என்று பிரிப்பதும் அப்படித்தான். இரண்டையும் விலைக்கு வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

தம்பியின் கணக்கு: சட்டம் என்ன சொல்கிறது?

தம்பி சொன்னதில் சரியானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிக்அப்புக்கான சட்டச் சுமை பலர் பயப்படுகிற அளவுக்கு இல்லை. மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் சேர்ந்து, 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் வேண்டாம். கார் லைசென்ஸ் வைத்திருப்பவரே 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதிப்படுத்திவிட்டது. மஞ்சள் நம்பர் பிளேட் உண்டு. எஃப்.சி. முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, பிறகு வருடம் ஒரு தடவை.

வாடகைக்கு விடுவது? மஞ்சள் பிளேட் பிக்அப்பில் சரக்கை மட்டும் வாடகைக்கு ஏற்றலாம், ஆட்களை ஏற்றக்கூடாது. வெள்ளை பிளேட் சொந்தக் காரை வாடகைக்கு விடவே கூடாது. நாற்பது வருடத்துக்கு ஒருமுறை கோயில் குளத்திலிருந்து வெளியே வரும் அத்திவரதருக்கு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் விழா நடந்தது. அதற்கு முன் 1979-இல் வந்தார். அடுத்து 2059-இல். அந்த 48 நாளின் வருமானத்தை நினைத்து இன்று கடன் எடுக்கக்கூடாது. வாடகைக்கு விட வேண்டுமென்றால் ஒருவர் முழுநேரம் அந்த வேலையில் இறங்க வேண்டும். தம்பி தறியை விட்டு வண்டிக்குப் போகிறாரா என்பதை வீட்டில் தனியாகப் பேசி முடிவு செய்யுங்கள். அது வண்டி பற்றிய முடிவு இல்லை, தொழில் பற்றிய முடிவு.

ஜி.எஸ்.டி. விஷயத்திலும் தம்பி சொல்வது சரி. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவுப்படி, டிரைவரையும் சேர்த்து 13 பேர் வரை உட்காரும் வண்டிக்குக் கட்டிய வரியை உங்களைப் போன்ற தொழில்காரர் கழிக்க முடியாது. சரக்கு வண்டிக்குக் கழிக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கான வரி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. வரியோடு 9 லட்சம் விலையுள்ள பிக்அப்பில் வரிப் பங்கு சுமார் 1.37 லட்சம். இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள். நீங்கள் காம்பொசிஷன் திட்டத்தில் இருந்தால் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. சாதாரணப் பதிவில் இருந்தாலும் பட்டுப்புடவைக்கு நீங்கள் வசூலிப்பது 5 சதவீதம்தான் என்பதால் அந்த 1.37 லட்சம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழியும். உங்கள் ஆடிட்டரிடம் இந்த இரண்டு கேள்வியையும் கேளுங்கள்.

வாடகையா, சொந்தமா?

நீங்கள் எழுதிய தொகையையே எடுத்துக்கொள்கிறேன். சென்னைக்கு வருடம் 24 நடை, நடைக்கு 4,000 என்றால் 96,000. தறி மாற்ற 6 தடவை, 6,000. மொத்தம் 1,02,000 ரூபாய்.

சொந்த பிக்அப்? 9 லட்சத்தில் 7 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து வருடத் தவணை என்று வைப்போம். முதல் வருட வட்டி மட்டும் சுமார் 65,000. வருமான வரிக் கணக்கில் இப்படிப்பட்ட சொந்த உபயோக வண்டிக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம் எழுதுவார்கள். அதையே விலை இறக்கமாகக் கொண்டால் 1,35,000. இரண்டும் சேர்த்து 2 லட்சம். ஜி.எஸ்.டி. கழிவின் பலனை வருடத்துக்கு 25,000 என்று பிரித்துக் கழித்தாலும் 1,75,000 நிற்கிறது. இன்னும் டீசல் ஊற்றவில்லை. காப்பீடு, டயர், சர்வீஸ், எஃப்.சி. எதுவும் சேர்க்கவில்லை.

1,02,000-க்கு முடிகிற வேலைக்கு 1,75,000-க்கு மேல் கொடுக்க வேண்டாம். சென்னை நடை மாதம் இரண்டிலிருந்து ஐந்து, ஆறாக உயரும்போது இந்தக் கணக்கு திரும்பும். அதுவரை குட்டி யானைக்காரரின் போன் நம்பர் போதும்.

காரில் புடவை வைத்துக்கொண்டு போகலாமா?

இதைத்தான் உங்கள் ஊரில் பலர் தெரியாமல் செய்கிறார்கள். நீங்களும் ஆம்னியில் இத்தனை வருடம் செய்திருக்கிறீர்கள். சொந்தக் கார் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற பத்தியைப் படியுங்கள். வாடகைக்கு ஓட்டுவதும் சரக்கு ஏற்றுவதும் விலக்கு என்று இருக்கும். சாம்பிளுக்கும் சொந்த லக்கேஜுக்கும் மட்டும்தான் அனுமதி. 40 புடவையோடு விபத்து நடந்தால் இழப்பீடு கேட்கும்போது இந்த வரியை உங்கள் முன் வைப்பார்கள்.

அதைவிட முக்கியமானது, வண்டிக் காப்பீடு எதுவும், கார் ஆனாலும் பிக்அப் ஆனாலும், உள்ளே இருக்கும் புடவைக்குப் பொறுப்பு ஏற்காது. அது வண்டிக்கும் மனிதருக்கும்தான். புடவைக்கென்று தனியாகச் சரக்குப் போக்குவரத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். கப்பலே இல்லாவிட்டாலும் அதற்கு மரைன் பாலிசி என்றுதான் பெயர். நடைக்கு நடை எடுக்கலாம், வருடத்துக்குச் சேர்த்தும் எடுக்கலாம். மாதம் 12 லட்சம் ரூபாய்ச் சரக்கு சாலையில் போகிற உங்களுக்கு, எந்த வண்டி வாங்கினாலும் இது முதல் செலவாக இருக்கட்டும்.

எனவே சென்னைக்குப் புடவை போகும் நாளில் மூடிய பாடி உள்ள குட்டி யானையைக் கூப்பிடுங்கள். பின்கதவுக்கு உங்கள் பூட்டைப் போடுங்கள். 6 லட்சம் ரூபாய்ச் சரக்கை அறிமுகமில்லாதவரை நம்பி அனுப்ப முடியாது என்பது எனக்குத் தெரியும். நீங்களோ தம்பியோ டிரைவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போகலாம். 1994-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, சரக்கு வண்டியில் செல்லும் சரக்கின் சொந்தக்காரரையும் அவருடைய பிரதிநிதியையும் காப்பீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பில்லும், 1 லட்சத்தைத் தாண்டும் சரக்குக்கு அந்த வண்டி எண் போட்ட இ-வே பில்லும் கையில் இருக்கட்டும். தறிக்காரருக்குப் பாவு கொடுக்கும்போதும் டெலிவரி சலான் எழுதுங்கள்.

அப்படியானால் குடும்பத்துக்கு எது?

மனைவி கேட்பது சரி. ஏழு பேர் வண்டி எடுங்கள். ஆனால் எஸ்.யு.வி. என்ற பெயரை நம்பிப் போக வேண்டாம். 12 லட்சத்துக்குள் கிடைக்கும் சில எஸ்.யு.வி.களில் கடைசி வரிசை பக்கவாட்டில் எதிரெதிராக உட்காரும் பலகைதான். பிள்ளைகளை அதில் உட்கார வைக்காதீர்கள். முன்னால் மோதினால் பக்கவாட்டில் உட்கார்ந்தவரின் உடல் முறுக்கிக்கொண்டு தூக்கி எறியப்படும். ஏழு சீட்டும் முன்னோக்கி இருக்க வேண்டும், ஏழுக்கும் பெல்ட் இருக்க வேண்டும். பின்சீட்டிலும் பெல்ட் போடுவது சட்டப்படி கட்டாயம், போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம்.

இந்த அளவுகோலை வைத்தால் எஸ்.யு.வி.யைவிடக் குடும்ப வேன் வகைக் கார்களே உங்கள் பணத்துக்குள் வரும். மச்சான் வேலை பார்க்கும் ஒரகடத்தில் செய்யப்படும் ரெனோ ட்ரைபர் 4 மீட்டருக்குள் இருக்கிறது. கடைசி வரிசைச் சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம், கழற்றினால் 625 லிட்டர் இடம். ஆனால் எஞ்சின் 1 லிட்டர். ஏழு பேரோடு திருமலை ஏறும்போது அது திணறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாருதி எர்டிகாவின் எஞ்சின் 1.5 லிட்டர், நீளம் சுமார் 4.4 மீட்டர், மூன்றாம் வரிசை தாராளம். இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

மோதல் சோதனை நட்சத்திரத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். குளோபல் என்.சி.ஏ.பி. சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ட்ரைபர் 2021-இல் 4 நட்சத்திரம் வாங்கியது. விதிகள் கடுமையான பிறகு, ஆப்பிரிக்கச் சந்தைக்குப் போகும் வண்டியை 2025-இல் சோதித்தபோது 2. எர்டிகா 2019-இல் 3, 2024-இல் அதே ஆப்பிரிக்கச் சந்தை வண்டிக்கு 1. நம் நாட்டில் பாரத் என்.சி.ஏ.பி. 2023 அக்டோபரில் தொடங்கியிருக்கிறது. நீங்கள் எடுக்கப்போகும் மாடலுக்கு அந்தச் சோதனை முடிந்ததா, எத்தனை நட்சத்திரம், எத்தனை ஏர்பேக் என்று ஷோரூமில் எழுதி வாங்குங்கள். சன்ரூஃபுக்கும் பெரிய திரைக்கும் கொடுக்கும் கூடுதல் பணத்தை அதிக ஏர்பேக் உள்ள மாடலுக்குக் கொடுங்கள்.

டீசல் வேண்டாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்த பிறகு டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சூடேற வேகமான நீண்ட ஓட்டம் வேண்டும். ராஜவீதிகளிலும் காந்தி ரோட்டிலும் ஊர்ந்தே போகும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும், செலவு வைக்கும். உங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோல் போதும்.

விலையில் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதுக் காருக்கான ஆயுள் வரி, 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.9 லட்சம் வண்டிக்கு வரி சுமார் 1,28,700. 10.2 லட்சம் வண்டிக்கு 1,83,600. விலையில் 30,000 கூடினால் வரியில் 55,000 கூடுகிறது. ஷோரூமில் "இன்னும் கொஞ்சம்தான் சார்" என்று அடுத்த மாடலைக் காட்டும்போது இந்தக் கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, அம்மாவைப் புடவையோடு கூட்டிக்கொண்டுபோய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். படி உயரம் அவருக்கு ஒத்துவராவிட்டால் அந்த வண்டி உங்கள் வீட்டுக்கு இல்லை. இரண்டு, டெஸ்ட் டிரைவில் நீங்கள் ஓட்டாதீர்கள். தம்பி ஓட்டட்டும், நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து அரைமணி நேரம் போங்கள். மூன்று, ஏழு பேரும் உட்கார்ந்த நிலையில் பின்கதவைத் திறந்து எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். எல்லாச் சீட்டும் நிமிர்ந்திருக்கும்போது இந்த வண்டிகளில் இரண்டு பைக்குத்தான் இடம். கோயிலுக்கு ஒருநாள் போய்வர அது போதும். நாலு நாள் பயணத்துக்குப் போதாது.

எப்போது என் தீர்ப்பு மாறும்?

நீங்கள் சாயப்பட்டறை வைத்து மூட்டைக் கணக்கில் நூல் ஏற்றி இறக்கும் நிலை வந்தால், 16 தறி 40, 50 ஆனால், தறிச்சாமான் செய்து விற்கத் தொடங்கினால், சென்னை நடை வாரம் ஒன்றுக்கு மேல் போனால், அன்றைக்குத் தொழில் பெயரில் ஒரு சிறிய சரக்கு வண்டி எடுங்கள். அப்போதும் திறந்த பிக்அப் வேண்டாம். பூட்டுப் போட்ட மூடிய பாடி. ஜி.எஸ்.டி.யைக் கழியுங்கள், தேய்மானம் எழுதுங்கள், தம்பியே பார்த்துக்கொள்ளட்டும். அன்று தம்பி சொல்வதுதான் சரி. வரியைக் கழித்த தொகை மீது தேய்மானமும் எழுத முடியாது என்பதை மட்டும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றைய நிலையில் என் முடிவு இது. 10 லட்சம் கோட்டுக்குள், ஏழு பேரும் முன்னோக்கி உட்காரும் பெட்ரோல் குடும்ப வண்டி. சென்னைச் சரக்குக்கு மூடிய குட்டி யானை வாடகை. தறிக்காரர் வீடுகளுக்கு எக்ஸெல். புடவைக்கு மரைன் பாலிசி.

கடைசியாகப் பாய் விஷயம். இதை உங்களுக்கு மட்டும் இல்லாமல் இதைப் படிக்கும் எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஆடி மாதம் வந்தால் நம் பக்கத்துச் சாலைகளில் குட்டி யானையிலும் பிக்அப்பிலும் பாய் விரித்துக் குழந்தைகளோடு குலதெய்வம் கோயிலுக்குப் போகிறார்கள். அந்தத் தரையில் பெல்ட் இல்லை, கூரை இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. வண்டி ஒரு வளைவில் சாய்ந்தால் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் சாலையில் விழுவார்கள். சரக்கு வண்டியில் இலவசமாகப் போகிறவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் இருபது வருடங்களுக்கு முன்பே தீர்ப்பளித்துவிட்டது. இழப்பீட்டை வண்டிச் சொந்தக்காரர் தன் வீட்டை விற்றுக் கொடுக்க வேண்டியிருக்கும். போன உயிரை எதை விற்றாலும் வாங்க முடியாது. கோயிலுக்குப் போக ஒரு நாள் வேன் வாடகைக்கு எடுங்கள், அல்லது பஸ்ஸில் போங்கள். சரக்கு வண்டியின் பின்னால் மனிதரை ஏற்றாதீர்கள்.